கூவல் வழிக்கு யார் ஆள்?

கேளுங்கள் பெரியவர்களே, சிறியவர்களே! அரசர்கள் அதிகமாகவும் அவர்களுக்கு வேலை குறைவாகவும் இருந்த காலத்தில், ஒரே ஆற்றை ஒட்டி மூன்று நாடுகள் இருந்தன. மலையடியில் கரட்டுநாடு, நடுவில் வயல்நாடு, கடலோரத்தில் கழிநாடு.

மூன்றையும் ஒரு கூவல் வழி இணைத்தது. மேட்டுக்கு மேடு ஓர் ஆள் நிற்பார். காதில் விழுந்ததை அடுத்த மேட்டுக்குக் கூவுவார். அந்தந்த ஊர்க்காரர்கள் முறை வைத்து நின்றார்கள். யாருடைய செய்தி என்று எவரும் கேட்பதில்லை. மலையில் வரன் அமைந்தால் மாலைக்குள் கடற்கரைக்குத் தெரியும். பொய்யும் அதே வேகத்தில் போகும். அதையும் சொல்லிவிட வேண்டும்.

கழிநாட்டு அரசன் நீலராயனுக்கு இந்த வழி பிடிக்கவில்லை. காரணம், அவன் மீசை. அதற்கு மை தடவுகிறான் என்று யாரோ கூவிவிட, மூன்று நாடும் சிரித்தது. அது பொய்யாக இருந்திருந்தால் அவனுக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

இந்த வழியை ஆள ஒருவர் வேண்டும், அந்த ஒருவன் தான்தான் என்று முடிவு செய்தான். விசாரித்தால், மற்ற இரு நாடுகளை ஆண்டவர்களும் அதே முடிவோடு இருந்தார்கள்.

கூடிப் பேசலாம் என்றார்கள். எவர் மண்ணில்? அவரவர் தம் மண்ணில் என்றார்கள். கடைசியில், ஆறு யாருக்கும் சொந்தமில்லை என்று, கோடையில் வறண்டு கிடந்த ஆற்று மணலிலேயே பந்தல் போட்டார்கள்.

முதல் கூட்டத்தில், யார் கிழக்கே பார்த்து உட்காருவது என்று பேசினார்கள். இரண்டாம் கூட்டத்தில், முதல் கூட்டத்தில் என்ன பேசினோம் என்று பேசினார்கள். மூன்றாம் கூட்டத்தில்தான் விஷயத்துக்கு வந்தார்கள்.

"முதல் கூவல் எங்கள் மலையில்தான் எழுந்தது. வழி என்னுடையது" என்றான் கரட்டுநாட்டு அரசன் மாறவேள்.

"உங்கள் மலையில் ஆளைவிட ஆடு அதிகம். மேடுகள் எங்களிடம்தான் நிறைய" என்றாள் வயல்நாட்டு அரசி செங்கோதை.

"என் எல்லைக்குள் எது நுழையலாம் என்பதை நான்தான் சொல்வேன்" என்றான் நீலராயன்.

"மை மட்டும் நுழையலாமோ?" என்றாள் செங்கோதை.

அதோடு கூட்டம் கலைந்திருக்கும். ஆனால் ஒன்றில் மட்டும் மூவரும் ஒத்துப்போனார்கள். இவ்வழியை ஆள்வது யார் என்று முடிவாகும்வரை எவரும் வாய் திறக்கக் கூடாது. அந்த ஆணையை அனுப்பக் கூவல் வழியைத் தவிர வேறு வழியில்லை. இவ்வளவு நீளமாகக் கூவ முடியாது என்று அமைச்சர் ஒருவர் சுருக்கிக் கொடுத்தார்: "யார் ஆள் என்று முடிவாகும்வரை கூவாதே!"

ஆணை மலைவரை போயிற்று. பிறகு எங்கும் சத்தமில்லை. ஆட்சி என்றால் இதுதான் என்று நீலராயன் கண்ணை மூடிக்கொண்டான்.

அப்போது கரைமேட்டிலிருந்து ஒரு பெண்குரல் எழுந்தது. "மலையில பேய்மழை! வெள்ளம் வருது! ஆத்துக்குள்ள இருக்கிறவங்க ஏறுங்க!"

"யாரடா அவள்? பிடித்து வாருங்கள்!" என்று கத்தினான் நீலராயன். காவலர் ஓடினார்கள்.

"வானத்தில் மேகமே இல்லை. நான் ஜெயிக்கும் நேரம் பார்த்துக் கூட்டத்தைக் கலைக்க நீர் செய்த ஏற்பாடுதானே?" என்று செங்கோதையைக் கேட்டான் மாறவேள்.

"முதலில் எழுபவர் தோற்றவர்" என்று ஆசனத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள் செங்கோதை.

குரல் மறுபடி வந்தது. இம்முறை கெஞ்சியது. மூன்றாம் முறை உடைந்தது.

நீலராயன் கழிமுகத்தில் வளர்ந்தவன். காலடி மணல் குளிர்ந்து கசிவது அவனுக்குத் தெரிந்தது. எழுந்தால் வழி போய்விடும். இருந்தால் உயிர் போய்விடும். மீசையை ஒருமுறை நீவிவிட்டு எழுந்தான்.

"நான் தோற்றேன். இனி நீங்களும் எழலாம். ஓடுங்கள்!"

தோற்க ஒருவன் கிடைத்ததும் மற்ற இருவரும் தாராளமாக எழுந்தார்கள்.

அவர்கள் கரையேறி மூச்சு வாங்குவதற்குள் செம்மண் வெள்ளம் பந்தலைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. மூன்று ஆசனங்களும் ஒன்றையொன்று இடித்தபடியே மிதந்து போயின.

கூவியவளைக் காவலர் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பெயர் சடைச்சி.

"ஆணை உன் காதில் விழவில்லையா?" என்றான் நீலராயன், குரலைத் தாழ்த்தி.

"விழுந்துச்சு சாமி. யார் ஆளுன்னு முடிவாகட்டும்னு வந்துச்சு. இன்னைக்கு எங்க மேட்டுக்கு என் முறை. நான்தான் ஆளு. அது காலையிலயே முடிவாயிருச்சே!"

"மலை முதல் இங்குவரை எல்லோருமா அப்படி நினைத்தீர்கள்?"

"வேற எப்படி நினைக்கிறது? ஆள் இல்லாம மேட்டை விடுவோமா?"

'யார் ஆள்' என்று தாங்கள் கேட்டது வழியை ஆள்வது யார் என்றுதான் என விளக்க நீலராயன் வாயைத் திறந்தான். ஆற்றைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

"கரைமேடு எங்கள் நாட்டில் இருப்பதால்..." என்று தொடங்கினாள் செங்கோதை. "மழை எங்கள் மலையில் பெய்ததால்..." என்றான் மாறவேள்.

சடைச்சி கையைப் பிசைந்தாள். "கீழ்மேட்டுக்குத் திரும்பிக் கூவுறதுக்குள்ள பிடிச்சிட்டாங்க சாமி. தொண்டையும் போயிருச்சு. கழிநாட்டுல இன்னும் யாருக்கும் தெரியாது."

நீலராயன் வேட்டியை மடித்துக் கட்டினான். மேட்டில் ஏறினான். வாயருகே கைகளைக் குவித்து, அடிவயிற்றிலிருந்து கூவினான். "வெள்ளம் வருது! ஏறுங்க!"

கீழ்மேட்டிலிருந்து பதில் வந்தது. "கேட்டுச்சு! யாருப்பா அது, குரல் புதுசா இருக்கு?"

"இன்னைக்கு நான்தான் ஆளு!" என்று கூவினான் கழிநாட்டு அரசன்.

எல்லோருக்கும் பொதுவான ஒன்றை ஆளப் போட்டி போடுகிறவர் அதைக் காப்பதில்லை, தன் முறைக்கு ஆளாக வந்து நிற்பவரே காக்கிறார்.