முடிஞ்ச மாதிரிதான்!

மூங்கில் ஓடையின் கரையில் ஓர் இலவமரம் நின்றது. அதன் வேருக்கடியில் இருந்த வளையில் பரிமளம் என்ற முள்ளம்பன்றியும் அவள் கணவன் அம்பலவாணனும் குடியிருந்தார்கள்.

பரிமளத்துக்குப் பகலெல்லாம் கிழங்கு தோண்டும் வேலை. அது வயிற்றுக்கு. வீடு திரும்பினால் பின்னல் வேலை. அது மனசுக்கு. இலவம்பஞ்சைத் திரித்து அவளே நூலாக்கிக்கொள்வாள். ஊசி தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. முதுகுக்குப் பின்னால் கையை விட்டு இரண்டு முள்ளைப் பிடுங்கினால் ஊசி தயார்!

அவளுடைய கைவேலையில் யாரும் குறை சொல்ல முடியாது. நெருக்கமான பின்னல், நேரான வரிசை. குறை வேறு இடத்தில் இருந்தது. ஒன்றைத் தொடங்கும்போது அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பாதி வந்ததும் ஒரு கொட்டாவி வரும். முக்கால் வந்ததும் வேறொன்று நினைவுக்கு வரும்.

"ஆகா, மயிலுக்கு ஒரு கழுத்துக்குட்டை பின்னினால் எப்படி இருக்கும்!"

உடனே எழுந்துவிடுவாள்.

பின்னலில் ஒரு சங்கடம் உண்டு. பாதி வேலையிலிருந்து ஊசியை உருவினால் கண்ணிகள் ஒவ்வொன்றாக நழுவும். பின்னியதெல்லாம் அவிழ்ந்துவிடும். அதனால் நிறுத்திய வேலையிலேயே ஊசியும் நின்றுவிடும். புது வேலைக்குப் புதிதாக இரண்டு முள். முதுகில்தான் இருக்கிறதே!

மயிலின் கழுத்துக்குட்டை பாதியில் நின்றது. மான்குட்டிக்குக் காலுறை பின்னினாள். மூன்று காலுக்கு ஆவதற்குள் குட்டிக்குக் கொம்பு முளைத்துவிட்டது. யானைக்கென்று தொடங்கிய துதிக்கை உறை ஒரு சாண் வளர்ந்து நின்றது. ஆமைக்கு முதுகுப் போர்வை ஒன்று கிடந்தது. ஆமை அதைக் கேட்கவே இல்லை.

யார் வந்து விசாரித்தாலும் அவளிடம் ஒரே பதில்தான்.

"முடிஞ்ச மாதிரிதான்!"

ஒரு நாள் சம்பந்தம் வந்தான். சம்பந்தம் பக்கத்துப் புதரில் இருக்கும் முயல்.

"அக்கா, என் குல்லா என்னாச்சு?"

"முடிஞ்ச மாதிரிதான் சம்பந்தம்!"

"போன பனிக்கும் இதையேதான் சொன்னீங்க."

"ஒரு காது முழுசா ஆயிடுச்சு. பாரேன், கண்ணி ஒவ்வொண்ணும் எப்படி உக்காந்திருக்கு!"

"எனக்கு ரெண்டு காது அக்கா."

"இப்போதைக்குப் போட்டுக்கோ. இன்னொரு காதை மடக்கி உள்ளே வச்சுக்கோ."

"மடக்கினா எப்படிக் கேக்கும்? நரி வந்து என் பக்கத்துல உக்காந்து கதை சொல்லிட்டுப் போகும்!"

சம்பந்தம் வளையைச் சுற்றிப் பார்த்தான். எங்கு பார்த்தாலும் துணி. துணி ஒவ்வொன்றிலும் இரண்டு ஊசி.

"உங்க வீட்ல மாதிரி நிறைய இருக்கு அக்கா. முடிஞ்சதுதான் ஒண்ணையும் காணோம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பரிமளத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்றே உட்கார்ந்து இரண்டாவது காதைத் தொடங்கினாள். நாலு வரிசை பின்னினாள். பிறகு தவளைக்கு ஓர் இடுப்புத்துணி பின்னலாமே என்று தோன்றியது.

அம்பலவாணன் பொறுமைசாலி. ஆனாலும் அவனுக்கு வீட்டில் உட்கார இடம் இல்லை. உட்கார்ந்தால் ஊசி, சாய்ந்தால் ஊசி. முள்ளம்பன்றியாகப் பிறந்தும் முள் குத்தி அலறியவன் அந்தக் காட்டில் அவன் ஒருவன்தான்.

"பரிமளம், உன் முதுகைப் பாத்தியா? அறுப்பு முடிஞ்ச வயல் மாதிரி இருக்கு!"

"முளைக்கும்ங்க."

"எப்போ முளைக்கும்? அடுத்த மழைக்கா?"

"ஆமா. அதுவரைக்கும் என்ன அவசரம்?"

அவசரம் அவளுக்கு இருந்தது. முதுகில் நீள முள் தீர்ந்துவிட்டது. வாலில் இருந்த குழல் முள்ளும் தீர்ந்துவிட்டது. அதை ஆட்டித்தான் முள்ளம்பன்றிகள் சலசலவென்று சத்தம் எழுப்பி எதிரிகளை மிரட்டும். அதன் பிறகு அம்பலவாணன் அயர்ந்து தூங்கும் நேரம் பார்த்து அவன் முதுகிலிருந்து இரண்டிரண்டாக எடுத்தாள்.

"என்னவோ தெரியலை, கொஞ்ச நாளா இடது பக்கம் ஜிலுஜிலுன்னு இருக்கு" என்றான் அவன்.

"மழை வரும்போல" என்றாள் பரிமளம்.

கொஞ்ச நாளில் அவனுக்கு வலது பக்கமும் ஜிலுஜிலுவென்று ஆகிவிட்டது.

அந்தக் காட்டில் ஒரு சிறுத்தை இருந்தான். அவன் பெயர் பராக்கிரமன். ஆனால் அந்தப் பெயரில் அவனைக் கூப்பிட ஆள் இல்லை. சில வருஷங்களுக்கு முன் அவன் பரிமளத்தின் மேல் பாய்ந்தபோது, ஒரு முள் அவன் வலது மூக்கில் ஏறிவிட்டது. அதன் முனை இன்னும் உள்ளேதான் இருந்தது. வெயில் பட்டால் வெள்ளையாகப் பளிச்சிடும். காடு முழுக்க அவனை மூக்குத்தி என்றே கூப்பிட்டது.

அன்று பரிமளம் ஓடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மேலே ஆமையின் பாதிப் போர்வையைப் போர்த்திக்கொண்டிருந்தாள். எதிர்க்கரையில் மூக்குத்தி வந்து நின்றான்.

"என்ன பரிமளம், இப்பல்லாம் நீ நடந்தா சத்தமே வர்றதில்லையே!"

பரிமளம் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். "தொண்டை கட்டியிருக்கு" என்றாள்.

"சத்தம் வாலிலிருந்துதானே வரும்?"

"வால் வரைக்கும் கட்டியிருக்கு."

மூக்குத்தி கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தான். "கொஞ்சம் திரும்பு பாப்போம்."

"பொம்பளையைத் திரும்பி நிக்கச் சொல்றது என்ன பழக்கம்? உங்க அம்மா இதைத்தான் சொல்லிக் கொடுத்தாங்களா?"

மூக்குத்தி ஒரு நொடி வெட்கப்பட்டான். அந்த ஒரு நொடியில் பரிமளம் ஓட்டம் பிடித்தாள். ஓடும்போது போர்வை காற்றில் தூக்கியது. உள்ளே வழுவழுவென்று ஒரு முதுகு தெரிந்தது.

"அடேயப்பா!" என்று மூக்குத்தி நாக்கைச் சுழற்றினான்.

அவன் ஓடையைத் தாண்டி வந்து வளைவாசலில் உட்கார்ந்துவிட்டான். வாசல் சின்னது. அவனால் உள்ளே நுழைய முடியாது. ஆனால் அவர்களும் வெளியே போக முடியாது. உள்ளே இருந்தவர்கள் மூன்று பேர். குல்லாயைப் பற்றி மறுபடியும் கேட்கலாம் என்று வந்திருந்த சம்பந்தமும் மாட்டிக்கொண்டான்.

"மொட்டை முள்ளம்பன்றியை நான் சாப்பிட்டதே இல்லை!" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

அம்பலவாணன் அப்போதுதான் தன் முதுகைத் தடவிப் பார்த்தான். வலது பக்கம் தடவினான். இடது பக்கம் தடவினான்.

"பரிமளம்!"

"கோவிச்சுக்காதீங்க. எல்லாம் பத்திரமாத்தான் இருக்கு. இதோ, இது உங்களோடது, இதுவும் உங்களோடது…"

"அதையெல்லாம் உருவு! உருவித் தூக்கிக்கிட்டு நிப்போம்!"

"உருவறதா? கண்ணி போயிடும்! மூணு வருஷ வேலைங்க!"

"உயிர் போகப்போகுது. கண்ணியைப் பத்திப் பேசறே!"

பரிமளம் யோசித்தாள். உருவாமலேயே ஒரு வழி இருந்தது. பாதியில் நின்றவற்றில் கைக்கு எட்டியதை எடுத்து, ஊசி முனை வெளியே தெரிகிறாற்போல் உடம்பில் சுற்றிக்கொண்டாள். கழுத்துக்குட்டை, காலுறை, துதிக்கை உறை, போர்வை. பார்க்கப் பழைய பரிமளம் மாதிரியே இருந்தாள். இன்னும் கொஞ்சம் குண்டாக.

"நான் போய்க் கிழங்கு கொண்டு வர்றேன்" என்று வெளியே வந்தாள்.

மூக்குத்தி பதறி நாலடி பின்னால் போனான். மூக்கைக் கையால் மூடிக்கொண்டான். பரிமளம் தலை நிமிர்ந்து நடந்தாள்.

பத்தடி போயிருப்பாள். வழியோர உண்ணிச்செடியின் முள்ளில் நூல் நுனிகள் மாட்டின. அவளுக்குத் தெரியவில்லை. அவள் நடக்க நடக்கத் துதிக்கை உறை அவிழ்ந்தது. ஓர் ஊசி டிக்கென்று விழுந்தது. பிறகு இன்னொன்று. கழுத்துக்குட்டை போயிற்று. காலுறை மூன்றும் போர்வையும் போயின. டிக், டிக், டிக் என்று வழியெல்லாம் ஊசி.

மூக்குத்தி மூக்கிலிருந்து கையை எடுத்தான். பாய்வதற்குக் குனிந்தான்.

அப்போது அவிழ்ந்த நூல் சுருண்டு, உருண்டை உருண்டையாக அவன் முன்னால் உருண்டு வந்தது.

அவன் சிறுத்தைதான். ஆனாலும் பூனைச் சாதி. ஓர் உருண்டையை ஒரு தட்டுத் தட்டினான். அது ஓடியது. துரத்திப் போய் மறுபடி தட்டினான். மல்லாந்து படுத்து நாலு காலாலும் அதை உதைத்தான். ஆகா, என்ன சுகம்! அவன் நிமிர்ந்து பார்த்தபோது பரிமளம் உதிர்ந்த ஊசிகளை எல்லாம் பொறுக்கிக்கொண்டு வளைக்குள் போய்விட்டிருந்தாள். வாசலில் இரண்டு நீளக் காதுகள் தெரிந்தன.

"நான் ஒண்ணும் பாக்கலை அண்ணே!" என்றான் சம்பந்தம்.

வளைக்குள் பரிமளம் அழுதாள். பயத்தில் இல்லை. "ஒரு சாண் துதிக்கை உறைங்க. அத்தனையும் போச்சே!" என்று அழுதாள்.

அழுது முடித்ததும் கை பரபரத்தது. மனம் சரியில்லை என்றால் அவள் புதிதாக ஒன்றைத் தொடங்குவாள். பழக்கத்தில் முதுகுக்குப் பின்னால் கையை விட்டாள். வழுவழு. கணவன் முதுகைப் பார்த்தாள். அதுவும் வழுவழு. கீழே கிடந்த ஊசிகளைப் பார்த்தாள். அவற்றின் மேல் அம்பலவாணன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வலித்தது. அவன் எழுந்திருக்கவில்லை.

"பழசை முடி. அப்புறம் பாக்கலாம்" என்றான்.

மிஞ்சியிருந்தவற்றில் பெரியது ஒரு மேல்சட்டை. கல்யாணமான புதிதில் அம்பலவாணனுக்காகத் தொடங்கியது. கழுத்துப் பக்கம் ஒரு விரற்கடை மட்டும் பாக்கி. அவன் அதை மாட்டிப் பார்த்தான். அது வயிற்றோடு நின்றுவிட்டது.

"அளவு எடுத்தது அந்தக் காலத்துல" என்றாள் பரிமளம்.

"அந்தக் காலத்துலயே கொடுத்திருக்கலாம்" என்றான் அவன்.

அவள் உட்கார்ந்து பின்னினாள். கடைசி வரிசைகள் அலுப்பாக இருந்தன. கொட்டாவி வந்தது. வெளியே மூக்குத்தி உறுமினான். கொட்டாவி போய்விட்டது.

"முடிச்சாச்சு!" என்றாள்.

சம்பந்தம் கிட்டே வந்து பார்த்தான். "முடிச்சு எங்கே?"

"அதான் முடிச்சாச்சுன்னு சொன்னேனே!"

"முடிச்சுப் போட்டாத்தான் அக்கா முடிச்சது. போடாத வரைக்கும் முடிஞ்ச மாதிரிதான்."

அவளுடைய வார்த்தைதான். அவன் வாயிலிருந்து கேட்டபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. ஓர் இறுக்கமான முடிச்சுப் போட்டாள். ஊசி இரண்டும் விடுபட்டன. பிறகு தவளையின் இடுப்புத்துணியை முடித்தாள். குல்லாயின் இரண்டாவது காதை முடித்தாள். விடுபட்ட ஊசிகளையும் வழியில் பொறுக்கியவற்றையும் சட்டையின் முதுகில் வரிசையாகச் செருகினாள். ஒவ்வோர் ஊசியின் அடியிலும் ஒரு முடிச்சு. எல்லாம் ஆக மூன்று நாளாயின. அதற்குள் வீட்டிலிருந்த கிழங்கும் தீர்ந்துவிட்டது.

நாலாம் நாள் காலையில் அவள் சட்டையை மாட்டிக்கொண்டாள்.

"பின்னால ஒரு நூல் தொங்குதே, அதை வெட்டிடு" என்றான் அம்பலவாணன்.

"வந்து வெட்டிக்கறேங்க."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். அவள் போய்விட்டாள்.

மூக்குத்தி அவளைப் பார்த்துச் சிரித்தான். "மறுபடியும் அதே வேஷமா?" மூக்கை மூடவில்லை. பின்னாலும் போகவில்லை. அவன் கண் அந்தத் தொங்கும் நூலில் இருந்தது. பாய்ந்து அதைப் பிடித்துக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.

"அவிழட்டும் பார்!" என்று இழுத்தான்.

நூல் வரவில்லை.

இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு பலம் முழுவதையும் சேர்த்து ஒரே இழுப்பு இழுத்தான்.

நூல் அப்போதும் வரவில்லை. பரிமளம் வந்தாள். முதுகுப் பக்கமாக வந்தாள்.

மூக்குத்தி போட்ட கூச்சலில் இலவமரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. கையில் சுற்றிய நூலைக் கடித்து அறுத்துக்கொண்டு, ஓடையைத் தாண்டி, மலையைத் தாண்டி ஓடினான். ஒரு முள்முனை ஒடிந்து அவன் மூக்கிலேயே தங்கிவிட்டது. இந்தத் தடவை இடது பக்கம்.

சம்பந்தம் இரண்டு காதுக் குல்லாயுடன் வெளியே வந்து அவன் போவதைப் பார்த்தான்.

"அக்கா, அவன் மூக்குலயும் ஒண்ணைத்தான் குத்திப் பாதியில விட்டிருந்தீங்க. இன்னிக்குத்தான் அந்த வேலையும் முடிஞ்சுது. இப்பப் பாருங்க, ஜோடியா எவ்வளவு களையா இருக்கு!"

மழை வந்தது. பரிமளத்தின் முதுகில் புது முட்கள் அரும்பின. ஒரு நாள் யானையின் துதிக்கை உறையை மறுபடி பின்னிக்கொண்டிருந்தபோது, குரங்குக்கு ஒரு வால்பை பின்னினால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. கை தானாக முதுகுக்குப் போயிற்று. அம்பலவாணன் கனைத்தான். கை திரும்பி வந்தது.

தொடங்கிய வேலைக்குக் கடைசி முடிச்சைப் போட்ட பிறகே அடுத்ததற்கு ஊசி எடுக்க வேண்டும், ஏனென்றால் பாதியில் நிற்கும் நூறு வேலைகள் நம் பலத்தைத்தான் தின்னும், முடித்த ஒன்றுதான் ஆபத்தில் நம்மைக் காக்கும்.