வாசலடைத்த இருவாச்சி

மரமும் மிருகமும் பறவையும் ஒன்றுக்கொன்று வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மேற்கு மலைக்காட்டு இருவாச்சிகளின் வீட்டுக்கு வாசல் திறந்தேதான் கிடக்கும். இருவாச்சியைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் பாதகமில்லை. அலகுக்கு மேலே இன்னோர் அலகைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். பறந்தால் சிறகுச் சத்தம், யாரோ பெரிய முறத்தால் ஆகாயத்தையே புடைக்கிற மாதிரி கேட்கும்.

உயர்ந்த மரத்தில் ஒரு பொந்து. அதற்குள்ளே பெண் பறவை முட்டையிட்டு உட்கார்ந்திருக்கும். பசித்தால் அதுவே எழுந்து போய்ப் பழம் தின்றுவிட்டு அவசர அவசரமாகத் திரும்பி வரும். ஆண் பறவை மலைக்கு மலை சுற்றும். கேட்டால், "காவல் காக்கிறேன்" என்று சொல்லும். அந்தக் காவலுக்கும் வீட்டுக்கும் எட்டுக் காத தூரம் இருக்கும்.

அந்தக் காட்டில் பொன்னலகி என்று ஓர் இருவாச்சி இருந்தாள். அவள் புருஷன் பேர் இருளப்பன். கலியாணமாகி மூன்று வருசம் கழித்து, நாங்கு மரத்துப் பொந்தில் பொன்னலகி முதல் முட்டையிட்டாள். ஒரே முட்டை. இருளப்பனின் அக்காள் கொண்டைச்சி வந்து, வழக்கப்படி முட்டையை அலகால் மெல்லத் தட்டி, காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஆம்பளப் பிள்ளைதான்" என்று சொன்னாள்.

பேர் வைக்கிறதிலும் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. குஞ்சு முதல் தடவை தலையை வெளியே நீட்டுகிற அன்றைக்கு, அத்தைக்காரி அந்த மரத்தின் உச்சிக்கொம்பில் ஏறி நின்று பேரை மூன்று தடவை கூவுவாள். எதிர்மலை அதை வாங்கித் திருப்பிச் சொல்லும். மலை சொல்லிவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது. சாகும்வரை அதுதான் பேர்.

பொன்னலகி பேரை எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தாள். அவள் அப்பா பேர் எட்டுமலையான். அவர் சிறகடித்தால் எட்டு மலைக்குக் கேட்கும் என்பார்கள். அந்தப் பேர்தான் பிள்ளைக்கு. முட்டை மேல் உட்கார்ந்தபடி, "ஏ எட்டுமலையான், உருளாம இரு" என்று இப்போதே அதட்டவும் ஆரம்பித்திருந்தாள்.

மாசி மாதத்து ஒரு காலையில் இருளப்பன் வந்து பொந்தின் விளிம்பில் உட்கார்ந்தான். காலை மாற்றி மாற்றி வைத்தான்.

"பிள்ளைக்கு நான் ஒரு பேரு நெனைச்சு வச்சிருக்கேன்" என்றான்.

"சொல்லுங்க, கேப்போம்."

"ஆமை."

பொன்னலகி முட்டை மேலிருந்து தலையைத் தூக்கினாள்.

"எந்த ஆமை?"

"எந்த ஆமையா? ஆமைதான். பேரு. பிள்ளைக்கு."

"வெயில்ல சுத்தாதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்" என்றாள் பொன்னலகி. "பறக்கிற பிள்ளைக்கு ஆமைன்னு பேரா? நாளைக்கு அவன் பொண்ணு கேட்டுப் போவான். மாப்பிள்ளை பேரு என்னன்னு கேட்டா, ஆமைன்னு சொன்னா, பொண்ணு வீட்டுல பழம் குடுப்பாங்களா, ஓட்டைத் தேடுவாங்களா? குரங்குக் கூட்டம் சிரிச்சே கொம்புல இருந்து விழும்!"

"சிரிச்சா சிரிக்கட்டும். அந்தப் பேருதான்."

"ஏன்? அதையாவது சொல்லுங்க."

இருளப்பன் வேறு பக்கம் பார்த்தான். "ஒரு காரணம் இருக்கு. அதைக் கேக்காத" என்றான்.

பொன்னலகிக்கு எரிந்ததே அந்தக் கடைசி வார்த்தையில்தான். காரணமாவது சொல்லியிருந்தால் சண்டை போட ஒரு பிடி கிடைத்திருக்கும். "நீங்களாச்சு, உங்க அக்காளாச்சு. இந்தப் பொந்தை விட்டுப் பிள்ளை தலையை நீட்டினாத்தானே பேரு வைப்பீங்க?" என்றாள்.

இருளப்பன் கோபத்தில் பறந்து போனான். அவன் சிறகுச் சத்தம் அடங்குவதற்குள் பொன்னலகி வேலையை ஆரம்பித்துவிட்டாள். பொந்துக்குள் கிடந்த ஈரமண், மரத்தூள், மென்று துப்பிய அத்திப்பழம், அப்புறம் வெளியே சொல்லக் கூடாத இன்னொன்று, எல்லாவற்றையும் குழைத்தாள். அலகின் பக்கவாட்டால் கொத்தனார் மாதிரி தட்டித் தட்டி வாசலை அப்பி அடைத்தாள். நடுவில் மட்டும் அலகு நுழையுமளவுக்கு நெட்டுக்கு ஒரு கீற்று விட்டாள். காற்றுக்காக இல்லை. சாயங்காலம் அவன் திரும்பி வந்தால் அது வழியாகத் திட்டுவதற்கு.

அவள் நினைத்தது ஒரு நாள் கூத்து. அவன் வருவான், கெஞ்சுவான், எட்டுமலையான் என்று ஒத்துக்கொள்வான், அவள் ஒரே இடியில் சுவரைத் தள்ளிவிட்டு வெளியே வருவாள். ஆனால் மாசி வெயில் யாருடைய சண்டைக்காகவும் காத்திருக்காது. மத்தியானத்துக்குள் அந்தச் சுவர் பாறையாகக் காய்ந்துவிட்டது. பசி வந்து அவள் உள்ளேயிருந்து இடித்தாள். அலகுதான் வலித்தது.

இருளப்பன் வந்து பார்த்தான். வெளியேயிருந்து இரண்டு கொத்துக் கொத்தினான்.

"கொத்தாதீங்க!" என்று உள்ளேயிருந்து அலறினாள். "முட்டை மேல விழும்!"

அவன் நிறுத்தினான். இத்தனை பெரிய கீற்று விட்டும், அன்றைக்குத் திட்டு ஒன்றும் வரவில்லை.

மறுநாள் காலையில் கீற்றின் ஓரத்தில் ஓர் அத்திப்பழம் இருந்தது. பொன்னலகி அதை அலகால் நெம்பி வெளியே தள்ளினாள். அது கீழே, வெகு கீழே, சருகில் போய் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு பழம் வந்தது. அதையும் தள்ளினாள். மூன்றாவது பழம் வந்தபோது பசி அவளைவிடப் பெரிதாக இருந்தது. தின்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இருளப்பன் போவான், வருவான். அத்தி, நாவல், ஆலம்பழம், சில நாள் ஒரு வெட்டுக்கிளி. பழத்தைத் தொண்டையில் அடக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக எடுத்து, தோல் தடித்திருந்தால் கடித்து மெதுவாக்கி, அவள் அலகுக்கு வாகாகக் கீற்றில் வைப்பான். காவல் சுற்றுவதெல்லாம் போச்சு. இளைத்துப்போனான்.

உள்ளே பொன்னலகிக்கு இன்னொரு கஷ்டம் வந்தது. இருட்டும் புழுக்கமும் தாங்காமல் அவள் சிறகிறகுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஒரு நாள் சிறகை விரித்துப் பார்த்தாள். ஈர்க்குச்சி மாதிரி இரண்டு முளைகள். எட்டுமலையான் மகள், ஒரு முழம்கூடப் பறக்க மாட்டாள். அன்றைக்கு அழுதாள். அவனுக்குக் கேட்காமல் அழுதாள்.

பங்குனியில் குஞ்சு பொரிந்தது. செக்கச்செவேலென்று, இறகே இல்லாமல், வாய் மட்டும் பெரிதாக ஒரு பிள்ளை.

பொரிந்த மூன்றாம் நாள் உச்சி வெயிலில், இருளப்பன் இரை தேடப் போயிருந்த நேரம், மரத்தில் நகம் கீறுகிற சத்தம் கேட்டது. மரநாய். அந்தக் காட்டில் அது நுழையாத பொந்து இல்லை. போன வருசம் கொண்டைச்சி பழம் தின்னப் போன நேரத்தில் அவளுடைய இரண்டு குஞ்சுகளையும் கொண்டு போனது அதுதான்.

கீற்றில் ஒரு மூக்கு வந்து மோந்தது.

"என்ன மதினி, வீட்டுக்குக் கதவெல்லாம் போட்டாச்சா?" என்றது மரநாய். "கொஞ்சம் திறந்தா பிள்ளையைப் பாத்துட்டுப் போயிருவேன்."

"திறக்கத் தெரியாமத்தான் நானே உள்ள கிடக்கேன், போ" என்றாள் பொன்னலகி. சொல்லிக்கொண்டே அந்த மூக்கில் ஒரு போடு போட்டாள். மரநாய் ஊளையிட்டுக்கொண்டு இறங்கிப் போனது. சுவர் ஒரு பொடிகூட உதிரவில்லை. திமிரில் கட்டிய சுவர் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டது. பொன்னலகிக்குச் சிரிப்பதா நடுங்குவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள்.

இருளப்பன் வந்ததும் நடந்ததைச் சொன்னாள். அவன் பழத்தை எடுத்துக் கீற்றில் வைத்தான். வைத்துவிட்டு, எப்போதும்போலக் கழுத்தைத் திருப்பிக்கொண்டு எதிர்மலையைப் பார்த்தான்.

இத்தனை நாளும் அவன் அப்படித்தான் செய்தான். பழம் வைப்பான், முகத்தைத் திருப்பிக்கொள்வான், அவள் தின்று முடிக்கும்வரை திரும்ப மாட்டான். அவளுக்கு அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அன்றைக்குக் கேட்டுவிட்டாள்.

"என் மூஞ்சியைப் பாக்கக்கூடப் பிடிக்கலையா உங்களுக்கு?"

"அதில்ல."

"பின்ன எது? அதுக்கும் காரணம் கேக்கக் கூடாதா?"

இருளப்பன் எதிர்மலையையே பார்த்துக்கொண்டு சொன்னான்: "இன்னொருத்தர் கொண்டாந்து குடுக்கிறதைத் தின்னுறப்ப, குடுத்தவங்க உத்துப் பாத்தாங்கன்னா தொண்டையில இறங்காது. எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

அவன் சொன்னான். மெதுவாக, நடுநடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

முதல் முதலாகப் பறந்த அன்றைக்கே காற்றில் அடித்துக் கீழே விழுந்தவன் அவன். சிறகு எலும்பு முறிந்துபோயிற்று. பெற்றவர்கள் தேடிப் பார்த்துவிட்டுச் செத்தான் என்று போய்விட்டார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க வேரிடுக்கில் கிடந்தான், மண்ணில் தவழ்ந்தான். அவனுக்கு உதிர்ந்த பழத்தை வாயில் கவ்விக்கொண்டு வந்து போட்டது ஓர் ஆமை. கிழக்கே இருக்கிற அத்திமரத்தடியிலிருந்து வர அதற்கு அரை நாள் ஆகும். பழத்தைப் போட்டுவிட்டு, தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். அவன் தின்று முடித்த பிறகுதான் நீட்டும்.

"எதுக்குப் பெரியம்மா தலையை உள்ள இழுத்துக்கிறீங்கன்னு ஒரு நாள் கேட்டேன். 'நீ வெக்கப்படாம தின்னணும்ல, அதுக்குத்தான்'னு சொல்லுச்சு."

பொன்னலகி கீற்றோரமாக நெருங்கி வந்தாள்.

"எலும்பு கூடிப் பறக்கிறப்ப, உங்களுக்கு என்ன செய்யணும்னு கேட்டேன். ஒண்ணும் வேணாம்னுட்டுது. அவங்க கூட்டத்துல முட்டையை மண்ணுல பொதைச்சுட்டுப் போயிருவாங்க. பிள்ளைக்குப் பேரு வைக்கிற வழக்கமே இல்ல. 'உங்க அத்தைமாரு மேல இருந்து பேரு சொல்லிக் கூப்பிடுறது இங்க வரைக்கும் கேக்கும்யா, நல்லா இருக்கும். எங்களை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்ல'ன்னு மட்டும் சொல்லுச்சு."

"இதை ஏன் இத்தனை நாளாச் சொல்லல?"

"உங்கப்பா எட்டுமலையான். அவர்கிட்டப் பொண்ணு கேட்டு வந்துட்டு, நான் ஒரு மழைக்காலம் மண்ணுல ஊர்ந்து பிச்சை தின்னவன்னு சொல்லவா? அப்பச் சொல்லல. அப்புறம் சொல்ல வாய் வரல."

பொன்னலகி தன் மொட்டைச் சிறகைக் கீற்றுக்கு நேரே கொண்டு வந்து காட்டினாள்.

"இங்க பாருங்க. திரும்பிப் பாருங்கன்னு சொல்றேன்ல."

அவன் திரும்பினான். அந்த இரண்டு முளைகளைப் பார்த்தான்.

"நானும் இப்ப அப்படித்தான் இருக்கேன்" என்றாள் அவள். "வெக்கமா இருக்கு. ஆனா தொண்டையில இறங்குச்சு. உங்க ஆமை புண்ணியத்துல இறங்குச்சு."

சித்திரை போய் வைகாசியில் மழை இறங்கியது. பொன்னலகிக்குப் புதிய சிறகு முளைத்துவிட்டது. சுவரும் நனைந்து இளகியது. உள்ளேயிருந்து அவள் இடிக்க, வெளியேயிருந்து அவன் கொத்த, வாசல் திறந்தது. கொழுகொழுவென்று வளர்ந்திருந்த பிள்ளை, வெளிச்சத்தில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு தலையை நீட்டினான்.

கொண்டைச்சி உச்சிக்கொம்பில் தயாராக நின்றாள். அவள் முகத்தில் கொஞ்சமும் சம்மதம் இல்லை.

"வேற பேரே கிடைக்கலையாடா தம்பி? சரி, இவன்தான் பைத்தியம். என்ன பொன்னலகி, நீயுமா?"

"நானுந்தான் மதினி" என்றாள் பொன்னலகி. "நல்லாச் சத்தமாக் கூப்பிடுங்க. கீழ வரைக்கும் கேக்கணும்."

கொண்டைச்சி மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"ஆமை! ஆமை! ஆமை!"

எதிர்மலை வாங்கித் திருப்பிச் சொன்னது. குரங்குகள் சிரித்த சிரிப்பில் இரண்டு நிசமாகவே கொம்பிலிருந்து விழுந்தன. மரத்தடியில், பொன்னலகி கோபத்தில் தள்ளிவிட்ட பழத்தின் வாசம் பிடித்து மாசியிலிருந்தே அங்கே வந்து தங்கியிருந்த ஒரு கிழ ஆமை, சருகுக்குள்ளிருந்து கழுத்தை நீட்டியது. நீட்ட முடிந்த மட்டும் நீட்டி மேலே பார்த்தது.

"யாரு சாமி, என்னையா கூப்பிட்டீங்க?"

குரலை வைத்தே அந்தப் பெரியம்மாதான் என்று இருளப்பன் கண்டுகொண்டான். பொன்னலகிதான் பதில் சொன்னாள்.

"எங்க பிள்ளையைக் கூப்பிட்டோம் பெரியம்மா. உங்க பேருதான் வச்சிருக்கு."

ஆமை தலையை மெதுவாக ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. இந்தத் தடவை எதற்காக இழுத்துக்கொண்டது என்று அவர்களுக்குத் தெரியும். மேலே இருந்த இரண்டு பேரும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு எதிர்மலையைப் பார்த்தார்கள்.

சிரிப்பு மூன்று நாளில் ஓய்ந்தது. நாலாம் நாள் ஆமை என்ற அந்தப் பிள்ளை கொம்பை விட்டு எழும்பினான். அவன் சிறகுச் சத்தத்தை ஒன்பதாவது மலையில் இருந்தவர்கள் கேட்டதாகச் சொன்னார்கள். அடுத்த மாசியில் முதல் ஆளாகக் கொண்டைச்சி மண் குழைத்தாள். அவளைப் பார்த்துக் காட்டிலிருந்த இருவாச்சிப் பெண்கள் எல்லாரும் குழைத்தார்கள்.

அன்றைக்குத் தொடங்கியதுதான், இருவாச்சி தாய் வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே இருப்பதும், தகப்பன் நாளெல்லாம் பறந்து பழம் கொண்டுவந்து கீற்று வழியே ஊட்டுவதும். ஊட்டும்போது பழம் ஒன்று எப்படியும் கீழே விழும்; வாய் தவறி விழுந்தது என்று நினைக்காதீர்கள், அது மரத்தடியில் இருக்கிற பெரியம்மாவுக்கு.