மகுடத்தையும் அகழியில் போடுங்கள், அரசே!

வெகு காலத்துக்கு முன்னால் தாழைநகர் என்ற நாட்டை விசித்திரவர்மர் என்று ஓர் அரசர் ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் ஒரு கிறுக்கு இருந்தது. அவர் ஒருமுறை பயன்படுத்திய பொருளை அவரும் மறுபடி தொடமாட்டார், மற்றவரும் தொடக்கூடாது. தண்ணீர் குடித்த குவளை, உடுத்திய பட்டு, படுத்தெழுந்த பாய் எல்லாம் ஜன்னல் வழியே நேரே அகழிக்குப் போய்விடும். பாவப்பட்டவர் யாராவது எடுத்துப் போகலாம் என்றால் அதற்கும் காவல்!

இந்தக் கிறுக்கைத் தூபம் போட்டு வளர்த்தவர் பண்டகசாலை அதிகாரி வல்லபராயர். அரண்மனைக்கு எது வாங்கினாலும் அவர் மூலமாகத்தான் வாங்க வேண்டும். தினம் புதுசு வாங்கினால் வியாபாரிகளும் தினம் பழத்தட்டோடு அவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். அப்புறம் அவருக்கு ஏன் வலிக்கப் போகிறது?

கடைசியில் அகழி நிரம்பிவிட்டது. மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் கீழத்தெரு வீடுகளுக்குள் புகுந்தது. அப்போதெல்லாம் அரசர் கண்டுகொள்ளவே இல்லை. நாற்றம் அந்தப்புரம் வரைக்கும் வந்த பிறகுதான் ஐயாவுக்கு உறைத்தது. உடனே சபையைக் கூட்டினார்.

"இத்தனையையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?"

வல்லபராயர் முந்திக்கொண்டார். எதற்கெடுத்தாலும் அரசர் அமைச்சர் பூங்கோதையாரிடமே யோசனை கேட்கிறார் என்று அவருக்கு நெடுநாளாக வயிற்றெரிச்சல்.

"அரசே, அகழிக்கு அக்கரையில் அமைச்சரம்மா கீழத்தெருப் பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை நடத்துகிறாரே, அது நல்ல பள்ளமான இடம். பாடசாலையை இடித்துவிட்டால் இன்னும் பல வருஷம் கவலையில்லாமல் கொட்டலாம்."

பூங்கோதையார் தன் சீதனத் தோட்டத்தில் பார்த்துப் பார்த்துக் கட்டிய பள்ளி அது. அந்தப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளியும் கிடையாது. ஆனாலும் அவர் நிதானமாகவே எழுந்து பேசினார்.

"அரசே, உங்கள் பிறந்தநாள் வரை அவகாசம் கொடுங்கள். அகழியை நான் காலி செய்கிறேன். முடியாவிட்டால் பள்ளியின் முதல் சுவரை நானே கடப்பாரை பிடித்து இடிக்கிறேன்."

"எங்கே கொட்டுவீர்கள்?"

"எங்கேயும் கொட்டமாட்டேன்."

"கொட்டாமல் காலி செய்வதா? பலே! பிறந்தநாள் விருந்தும் உங்கள் பொறுப்பே. பார்த்துவிடுவோம்!" என்று அரசர் தொடை தட்டிச் சிரித்தார்.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடமே அகழிக்கரையில் நடந்தது. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து அமைச்சர் இரண்டே கேள்வி கேட்பார். "இது முன்னே எதுவாக இருந்தது? இனிமேல் எதுவாக ஆகலாம்?" பிள்ளைகள் யோசித்தார்கள், தப்பும் செய்தார்கள். பட்டுக் கந்தலை எருக்குழியில் போட்டுப் பார்த்தார்கள், மக்கவே இல்லை. எடுத்து அலசி, ஒட்டுப்போட்டு மெத்தை தைத்தார்கள். எச்சில் இலையும் மிச்சச் சோறும் எருவாகி வாழைத்தோட்டத்துக்குப் போயின. உடைந்த குவளைகளை இடித்துப் பொடியாக்கிப் புது மண்ணில் கலந்தார்கள். அந்த மண்ணில் செய்த பானை சூளையில் விரிசல் விடவில்லை. குயவர் தெருவுக்கு அது தெரிந்ததும் பெரிய பெரிய சூளைக்காரர்கள் எல்லாம் கூடையோடு வந்துவிட்டார்கள். "அம்மா, அந்த ஓட்டுப்பொடி இன்னும் இருக்கா?" "இருக்கு. ஆனால் நீங்கள் விற்கிற பானை உடைந்தால் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், சம்மதமா?" சம்மதித்துத்தான் வாங்கிப் போனார்கள்.

பிறந்தநாள் வந்தபோது அகழியில் தரை தெரிந்தது.

விருந்துப் பந்தலில் அரசருக்கு ஒரே குஷி. பிள்ளைகள் தைத்த மெத்தையில் உட்கார்ந்து அதை அழுத்தி அழுத்திப் பார்த்தார். "என்ன மெத்து, என்ன மெத்து! வல்லபராயரே, ஒருநாளாவது இப்படி ஒரு மெத்தை வாங்கித் தந்திருக்கிறீரா?"

வல்லபராயர் குனிந்து மெத்தையின் ஓரத்தைப் பார்த்தார். மயில் கரை. அவரே வாங்கிய பட்டு! அரசர் கையிலிருந்த புதுக் குவளையிலும் பழைய ஓட்டுப்பொடி மினுங்கியது.

"மோசம் போனோம், அரசே! இது நீங்கள் உடுத்தி எறிந்த பட்டு! இந்தக் குவளையும் அகழிக் குப்பைதான்! உங்கள் கட்டளையை மீறி உங்களையே குப்பையில் உட்கார வைத்துவிட்டார்!"

அரசர் முகம் சிவந்தது. "அமைச்சரே, உண்மையா?"

"உண்மைதான், அரசே. எல்லாவற்றையும் திரும்ப அகழியில் போட்டுவிடலாம். ஆனால் பழசிலேயே பழசை முதலில் போடுவதுதானே முறை? உங்கள் மகுடத்தைக் கழற்றிக் கொடுங்கள்."

அரசரின் கை சட்டென்று மகுடத்தைப் பிடித்துக்கொண்டது.

"என்ன சொல்கிறீர்கள்?"

"தாழைநகரில் தந்தையின் மகுடத்தை உருக்கித்தான் மகனுக்கு மகுடம் செய்கிறோம். உங்கள் தலையில் இருப்பது உங்கள் தந்தை சூடிய தங்கம். அதற்கு முன்னே அவருடைய தந்தை சூடியது. பயன்படுத்தியது ஆகாதென்றால், இது எத்தனை பேர் பயன்படுத்தியது!"

அரசர் மகுடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதை விரலால் தடவியபடியே, "இது அப்பாவுடையது. இதை என்னால் எறிய முடியாது," என்றார்.

"ஒரு மகுடத்துக்கு நம் முன்னோர் செய்ததைத்தான் பிள்ளைகள் மற்றவற்றுக்கும் செய்தார்கள், அரசே."

அரசர் மகுடத்தைத் திரும்பச் சூடிக்கொண்டார். "பாடசாலையில் ஒரு செங்கல்லைக் கூட யாரும் தொடக்கூடாது! வல்லபராயரே, இனி அரண்மனைக்குள் எதைக் கொண்டுவந்தாலும், அது பழசானால் என்னவாகும் என்று வாசலிலேயே சொல்ல வேண்டும். இப்போது சொல்லும், இந்தக் குவளை என்னவாகும்?"

வல்லபராயர் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தெரியாதா? அப்படியானால் நாளையிலிருந்து நீரும் பள்ளிக்குப் போம்!"

மறுநாள் காலை வல்லபராயர் புத்தம்புதுப் பாய் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனார். விரிக்கப் போனவரை முன்வரிசையில் இருந்த சிறுமி செம்பாயி தடுத்தாள்.

"இருங்க ஐயா, இந்தப் பாய் கிழிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

அன்று பள்ளி விடும் வரைக்கும் அவர் நின்றுகொண்டேதான் பாடம் கேட்டார்.