ராசா விழுந்த பள்ளம்

வில்லவராயன் என்றொரு ராஜா இருந்தான். வீரத்தில் குறைவில்லை, ரோஷம் மட்டும் கொஞ்சம் அதிகம். ஒருநாள் முயலைத் துரத்திப் போனவன் ஈச்சங்கரடு என்ற ஊருக்குப் பக்கத்தில் காய்ந்த பள்ளத்தில் குப்புற விழுந்தான். கூட இருந்தது அரண்மனை விகடன் மருதவாணன் மட்டும். யாரும் பார்க்கவில்லை என்று ராஜா நிம்மதியாகத் தூசியைத் தட்டிக்கொண்டான். ஆடு மேய்ப்பவர்கள் எப்போதும் ஏதாவது ஒரு புதருக்குப் பின்னால் இருப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் இருவரும் சாதாரண உடையில் அந்தப் பக்கம் வந்தார்கள். தண்ணீருக்காக நெடுந்தூரம் நடந்து திரும்பிக்கொண்டிருந்த வெள்ளச்சி என்ற ஊர்ப் பெண்ணிடம் ராஜா கோயிலுக்கு வழி கேட்டான்.

"காளை மிரண்ட பாறையைத் தாண்டுங்க. மாமியா கோவிச்ச முக்குல திரும்பி, ராசா விழுந்த பள்ளத்துல இறங்குனா கோயில்தான்" என்றாள் அவள்.

ராஜாவின் முகம் சிவந்துவிட்டது. அவள் போனதும், அந்தப் பேரை யாரும் சொல்லக்கூடாது என்று ஊர் ஊராகத் தண்டோரா போடச் சொன்னான். எந்தப் பேரை என்று தண்டோராக்காரன் ஊர் ஊராகச் சொல்லியாக வேண்டுமே என்றான் மருதவாணன். அப்படியானால் நாளைக்கே ஈச்சங்கரட்டைக் காலி செய்து எல்லாரையும் விரட்டு என்றான் ராஜா.

மருதவாணனுக்குப் பகீரென்றது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "விரட்டலாம் மன்னா. போகிற இடமெல்லாம் ஏன் ஊரை விட்டு வந்தீர்கள் என்று கேட்பார்கள். இவர்களும் முதலிலிருந்து சொல்வார்கள்" என்றான்.

ராஜா பல்லைக் கடித்தான். "வேறு என்னதான் வழி?"

"பள்ளம் இருந்தால்தானே பள்ளத்துக்குப் பேர்? அங்கே ஒரு கிணறு வெட்டிவிடுங்கள். அப்புறம் ராசா விழுந்த பள்ளம் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்."

"சொன்னால் உன் தலை இருக்காது" என்றான் ராஜா. ஊர் தப்பியது.

கிணறு வெட்டினார்கள். நல்ல தண்ணீர். கொஞ்ச நாள் கழித்து ராஜா மருதவாணனோடு அதே உடையில் வந்து, நீர் இறைத்துக்கொண்டிருந்த வெள்ளச்சியிடம் ராசா விழுந்த பள்ளம் எங்கே என்று மெதுவாகக் கேட்டான்.

"அப்படி ஒரு பள்ளம் இப்ப ஏதுங்க? அதான் கிணறாயிருச்சே."

ராஜாவுக்கு ஏக சந்தோஷம். கிணற்றுக்கு என்ன பேர் என்று கேட்டான்.

"ராசா விழுந்த கிணறு."

"ராஜா கிணற்றில் எங்கே விழுந்தார்?"

"விழாம இருந்தா இந்தத் தண்ணி ஏதுங்க? மகராசன் நல்லா இருக்கட்டும்" என்று அவனுக்கும் ஒரு செம்பு நீட்டினாள்.

ராஜா குடித்துவிட்டு மருதவாணனை முறைத்தான். மருதவாணன் தன் கழுத்தைத் தடவிக்கொண்டான்.

"பள்ளம் என்று யாரும் சொல்லவில்லையே, மன்னா. இன்னொரு சங்கதி. பக்கத்து ஊரிலும் தண்ணீர்க் கஷ்டம். மன்னர் எங்கள் ஊரில் எப்போது விழுவார் என்று கேட்டனுப்பியிருக்கிறார்கள்."

ராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. கையிலிருந்த மோதிரத்தைக் கழற்றி அவனிடம் கொடுத்தான்.

"கிணற்றை வெட்டித் தருகிறேன் என்று சொல். விழுந்ததாக அவர்களே வைத்துக்கொள்ளட்டும்."