ஏழாவது விளக்கு

"டீச்சர், இந்த விளக்கை எப்படி அணைக்கிறது?"

கேட்டவர் கோமதிநாயகம். வயது ஐம்பத்தெட்டு. கோவில்பட்டி ரயில் நிலையத்து வாசலில் முப்பத்தொரு வருடமாக வாடகைக் கார் ஓட்டுகிறவர்.

டீச்சரின் பெயர் பியூலா. வயது முப்பத்துநான்கு. தொழிற்பயிற்சிப் பள்ளியில் ஆறு வருடம் மோட்டார் பாடம் எடுத்தார். பள்ளியை மூடிவிட்டார்கள். இப்போது டாக்ஸி ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டிருக்கிறார். அதில் ஒரு கார் நிற்கலாம். இரண்டாவது நின்றால் கதவு திறக்காது.

சனிக்கிழமை காலைகளில் ஒன்பது டிரைவர்கள் அங்கே பாடம் கேட்க வருவார்கள். ஒன்பது பேரும் அவரைவிட மூத்தவர்கள்.

டீச்சர் காருக்குள் எட்டிப் பார்த்தார். ஸ்பீடு மீட்டருக்குக் கீழே, இன்ஜின் வடிவத்தில் சின்னதாக ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"எத்தனை நாளா எரியுது அண்ணாச்சி?"

"ஒரு மாசம் இருக்கும்."

"வண்டி எப்படி ஓடுது?"

"நல்லாத்தான் ஓடுது. லேசா உதறும். பதினாறு வருஷத்து வண்டி, உதறத்தான செய்யும். ஏறுறவன் எல்லாம் விளக்கப் பாத்துட்டு, ஊரு போய்ச் சேருமான்னு கேக்கான். அதான் தொல்லை."

சங்கரபாண்டி என்ற டிரைவர் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். கோமதிநாயகத்தின் கார் எந்த ரகமோ அதே ரகக் கார்தான் அவரிடமும் இருந்தது.

"அண்ணாச்சி வண்டியில வருஷம் பூரா கார்த்திகை, டீச்சர்," என்றார்.

டீச்சர் சிரிக்கவில்லை. அலமாரியைத் திறந்து, இரண்டு தீப்பெட்டி சேர்ந்த அளவில் ஒரு கருவியை எடுத்துக் கொடுத்தார்.

"இத ஸ்டியரிங்குக்குக் கீழ சொருகுங்க. ஒரு நம்பர் வரும். என்ன கோளாறுன்னு அந்த நம்பர் சொல்லும். எழுதிட்டு வாங்க. எழுதத் தெரிஞ்சா போதும், பாதி வேலைய நீங்களே பாத்துக்கிடலாம்."

"இந்தச் சிவப்புப் பொத்தான் என்னத்துக்கு?"

"அது நம்பர அழிக்கும். விளக்கு அணையும்."

கோமதிநாயகம் முகம் மலர்ந்தார்.

"எழுதினதுக்குப் பிறகு," என்றார் டீச்சர்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றும் பென்சிலும் கொடுத்தார்.

அப்போது கோமதிநாயகத்தின் போன் அடித்தது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"அப்பா, ஒருக்கா வந்துட்டுப் போங்கப்பா."

ஆவுடைச்செல்வி அவருடைய ஒரே மகள். ராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்து பதினோரு மாதம் ஆகிறது. தாய் இல்லை. கல்யாணத்துக்கு இரண்டு வருடம் முன்பே இறந்துவிட்டாள்.

"குற்றால சீசன் தாயி. வண்டி நிக்க நேரமில்ல. முடியட்டும்."

"ஒரு நாள் வந்தாப் போதும்ப்பா."

"புது இடம்னா அப்படித்தான் இருக்கும். பொறுத்துக்கோ. எல்லாம் சரியாப் போயிரும்."

அந்தப் பக்கம் ஏதோ சொல்ல வந்தது. அவர் வைத்துவிட்டார்.

"என்னவாம்?" என்றார் டீச்சர்.

"ஒண்ணுமில்ல. ஊரு நெனப்பு."

"கேட்டீங்களா?"

"எத?"

டீச்சர் மறுபடி குனிந்து தன் வேலையைப் பார்த்தார்.

*

சீசன் முடிந்து, பத்து வாரம் கழித்துத்தான் கோமதிநாயகம் மறுபடி பாடத்துக்கு வந்தார்.

"டீச்சர், எனக்கே வேலை புடிபட்டுருச்சு."

நோட்டை நீட்டினார். முதல் பக்கத்தில் கோடு கோடாகக் கிழித்திருந்தார். ஐந்து ஐந்தாகக் கட்டி, கடைசியில் இரண்டு தனியாக. இருபத்திரண்டு கோடுகள்.

"இது என்ன?"

"அழிச்ச கணக்கு. ஒருக்கா அழிச்சா மூணு நாளைக்கு வராது. வந்தா மறுபடி அழிச்சிருவேன். ஒரு தடவகூடக் கணக்கு விட்டுப் போகல."

டீச்சர் மீதிப் பக்கங்களைப் புரட்டினார். முப்பத்தொன்பதும் வெள்ளையாக இருந்தன.

"நம்பர் எங்க?"

"அது என்னத்துக்கு டீச்சர்? அதான் அணையுதே."

"ஒரு தடவகூடப் பாக்கலயா?"

"பாத்தா செலவு வைக்கும். வண்டிய நிறுத்தச் சொல்லுவீங்க."

"ஒரு நாள் நிறுத்தினாப் போதும் அண்ணாச்சி."

"ஆவணி மாசம். முகூர்த்தத்துக்கு மேல முகூர்த்தம். எப்படி நிறுத்த?"

போன் அடித்தது. கோமதிநாயகம் பெயரைப் பார்த்தார். சிவப்புப் பொத்தானை அழுத்திப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"மகதானே?" என்றார் டீச்சர்.

"ஆமா. இந்த வாரத்துல இது நாலாவது. நான் போய் அங்க நின்னா என்ன ஆகும்? சம்பந்தி வீட்டுல, ஏன் வந்தீகன்னு கேப்பாக. தெருவுல நாலு பேரு பேசுவாக. நானே அலைஞ்சு பாத்து முடிச்ச சம்பந்தம் டீச்சர். வேண்டாம்னு அவ சொன்னப்பகூட நாந்தான் சம்மதிக்க வச்சேன். இப்ப நானே போய் என்னன்னு கேக்க முடியுமா?"

டீச்சர் கையை நீட்டினார். பென்சிலைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, கோமதிநாயகம் அதை எடுத்து நீட்டினார்.

"கருவியக் குடுங்க."

"அப்ப விளக்கு?"

"எரியட்டும்."

"எரிஞ்சா என்ன செய்ய?"

"பாருங்க."

சங்கரபாண்டி வாசலில் இருந்து குரல் கொடுத்தார். "அண்ணாச்சிக்கு ஃபெயில் மார்க்கா டீச்சர்?"

கோமதிநாயகம் வண்டியை எடுத்தார். வண்டி இரண்டு முறை உதறிவிட்டுப் போனது.

*

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. காலை பத்தரை மணி. கோமதிநாயகம் ஒரு சீப்பு நாட்டுப்பழத்துடன் வந்தார். எண்ணிப் பார்த்தால் பதினான்கு பழம்.

"எடுத்துக்கோங்க டீச்சர். விளக்கு அணைஞ்சிருச்சு."

"யாரு அணைச்சா?"

"யாரும் அணைக்கல. நீங்க சொன்னபடி எரியட்டும்னு விட்டேன். தானா அணைஞ்சிருச்சு. இன்னையோட பதினோரு நாள்."

"அப்ப கார்த்திகை முடிஞ்சு போச்சு," என்றார் சங்கரபாண்டி. சொல்லிக்கொண்டே ஒரு பழத்தைப் பிய்த்தார்.

கோமதிநாயகம் சிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு அவர் சிரித்ததை இருவரும் பார்த்தார்கள்.

"நல்ல காலம்னா எல்லாம் சேந்துதான் வருது டீச்சர். செல்வியும் இப்ப கூப்பிடுறது இல்ல. அதுவும் ஒம்பது நாளாச்சு. பழகிட்டா போல."

டீச்சர் பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். பாதித் தோலோடு கீழே வைத்தார்.

"வண்டில ஏறுங்க அண்ணாச்சி."

ஏறினார்.

"சாவியப் போட்டு எடுங்க."

கோமதிநாயகம் சாவியைத் திருப்பினார். கண்ணை மூடினார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண்ணைத் திறந்தார். இன்ஜினைக் கிளப்பினார்.

"அணைச்சிட்டு மறுபடி எடுங்க."

அதே போலச் செய்தார்.

"இப்ப கண்ண மூடாம."

"சாமி கும்பிடாம எப்படி டீச்சர்? முப்பத்தொரு வருஷப் பழக்கம்."

"பிறகு கும்பிடலாம். சாவியப் பாதி திருப்பி நிறுத்துங்க. இன்ஜினக் கிளப்ப வேண்டாம். கண்ணத் திறந்து வச்சுக்கிட்டு எண்ணுங்க."

அவர் சாவியைப் பாதி திருப்பினார்.

மீட்டருக்குக் கீழே சிவப்பும் மஞ்சளுமாக விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்தன. கோமதிநாயகம் பதறிப்போனார்.

"என்ன டீச்சர், எல்லாம் கெட்டுப் போச்சா?"

"இல்ல. நாங்க இருக்கோம்னு சொல்லுது. ஒவ்வொரு தடவையும் சாவி போட்டதும் சொல்லும். நீங்க கண்ண மூடிருப்பீங்க. எத்தனை இருக்கு?"

விரலை வைத்து எண்ணினார். திரும்பவும் எண்ணினார்.

"ஆறு."

"சங்கரபாண்டி அண்ணாச்சி, உங்க வண்டில?"

சங்கரபாண்டி பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே தன் காருக்குப் போனார். சிறிது நேரத்தில் திரும்பி வந்தார்.

"ஏழு."

டீச்சர் நான்கு திருகாணிகளைக் கழற்றினார். மீட்டரை முன்னால் இழுத்து, பின்பக்கம் விரலை விட்டு ஒரு பல்பை எடுத்தார். மிளகைவிடக் கொஞ்சம் பெரியது. கண்ணாடி கறுத்திருந்தது. அதைக் கோமதிநாயகத்தின் உள்ளங்கையில் வைத்தார்.

"சரியாகி அணையல அண்ணாச்சி. எரிஞ்சு எரிஞ்சு தீந்துபோச்சு."

கோமதிநாயகம் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்ஜினக் கிளப்பிட்டு இறங்கி வாங்க."

இறங்கி வந்தார். டீச்சர் பானெட்டைத் திறந்து வைத்திருந்தார்.

"விளக்கு இல்லாம எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"தெரியல."

"இங்க கைய வைங்க."

வைத்தார்.

"என்ன தெரியுது?"

"ஓடுது," என்று கையை எடுத்தார்.

"கைய எடுக்காதீங்க."

மறுபடி வைத்தார். ஒரு நிமிடம் ஆனது. இரண்டு நிமிடம் ஆனது. மூன்றாவது நிமிடத்தில் கோமதிநாயகத்தின் முகம் மாறியது.

"மூணு தட்டு விழுது டீச்சர். நாலாவது விழல."

"ம். நாலு சிலிண்டர். ஒண்ணு வேலை செய்யல."

"மறுபடியும் மூணு. நாலாவது விழல. எத்தனை நாளா இப்படி?"

"விளக்கு எரிஞ்ச நாள்ல இருந்து."

அவர் கை இன்ஜின் மேலேயே இருந்தது. மற்றக் கையில் பல்பு இருந்தது. அதை மூடினார். திறந்தார்.

"ஒம்பது நாள்," என்றார்.

டீச்சர் இன்ஜினை அணைத்தார்.

கோமதிநாயகம் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டார். நின்றது. மூன்றாவது முறை ஒரு ஆண் குரல் எடுத்தது. மருமகன் குரல்.

"அவ தூங்குதா."

அப்போது மணி பதினொன்று இருபது.

"ஒரு வார்த்தை பேசிட்டு..."

வைத்துவிட்டார்கள்.

கோமதிநாயகம் போனைப் பைக்குள் போடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு தன் காரின் கதவைத் திறந்தார்.

"அது போகாது அண்ணாச்சி," என்றார் டீச்சர். "பாதி வழியில நின்னுரும்."

சங்கரபாண்டி ஏற்கெனவே தன் காரின் முன்கதவைத் திறந்து வைத்திருந்தார். இந்த முறை அவர் எதுவும் கேலி பேசவில்லை.

"ஏறுங்க."

சங்கரபாண்டி சாவியைத் திருப்பியபோது கோமதிநாயகம் கண்ணை மூடவில்லை. ஏழு விளக்கும் எரிந்து அணைந்தன.

*

ராஜபாளையம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது.

கோமதிநாயகம் மகள் வீட்டுக் கதவைத் தட்டினார். இரண்டாம் முறை தட்டியதும் செல்விதான் வந்து திறந்தாள். வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். நைட்டிக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை. மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருந்தது.

அப்பாவைப் பார்த்ததும் அவள் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. அழுகையும் வரவில்லை.

"என்னம்மா ஆச்சு?"

கல்யாணம் ஆகிப் பதினான்கு மாதத்தில் இதை இப்போதுதான் கேட்டார்.

அவள் ஒரு முறை வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லப்பா. நல்லாத்தான் இருக்கேன்."

அவர் அவள் தோளில் கையை வைத்தார்.

"வெயில்ல வந்திருக்கீங்க," என்றாள். "இருங்க, தண்ணி கொண்டாறேன்."

உள்ளே போகத் திரும்பினாள்.

கோமதிநாயகம் கையை எடுக்கவில்லை.