மேல்சாவடி வாசலில் மூன்று குரல்

செண்பகவல்லி அந்தக் கேள்வியை மறுபடியும் கேட்டபோது சாமி எருமைக்குப் புல் உதறிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் கூப்பிட்டிருந்தா அவங்களுக்குக் கேட்டிருக்குமா?"

நான்கு வருடங்களாக அவள் கேட்டு வரும் கேள்வி. மலையடிவாரத்திலிருந்த அந்தச் சிறிய மடத்துக்கு மாதம் ஒருமுறை பேருந்து ஏறி வருவாள். ஒவ்வொரு முறையும் கேட்பாள். சாமி மழையைப் பற்றிப் பேசுவார். எருமையின் மடி கட்டியிருப்பதைப் பற்றிப் பேசுவார். அவள் மாலை வண்டியில் திரும்பிப் போவாள்.

அன்றைக்கு அவள் விடவில்லை.

"இன்னிக்குப் பதில் சொல்லலைன்னா இனிமே நான் இங்க வரமாட்டேன் சாமி."

சாமி கையிலிருந்த தூசியைத் தட்டினார்.

"நாளைக்கு மலை ஏறுவோம். முட்டி தாங்குமா?"

"என் முட்டி தாங்கும். உங்க முட்டியைச் சொல்லுங்க."

"பத்து வருசம் பஸ்ஸுல நின்னே தேஞ்ச முட்டி. அதை ஏன் கேக்கீங்க."

காவி கட்டுவதற்கு முன் அவர் பேருந்து நடத்துநர். சுற்று வட்டாரத்தில் கண்டக்டர் சாமி என்றுதான் பெயர். செண்பகவல்லியைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அவளோ தபால் அலுவலகத்தில் முப்பது வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள், படித்தவள், யார் காலிலும் விழுந்து பழகாதவள். நான்கு வருடத்துக்கு முன் ஒருநாள், தம்பி வயதுக்காரரான அவர் காலில் விழுந்தாள். அதற்கு ஒரு காரணம்தான் இருந்தது. அவளிடம் "கேட்டிருக்காது" என்று சொல்லாத ஒரே மனிதர் அவர்.

மற்ற எல்லோரும் சொல்லிவிட்டார்கள். மகள் சொன்னாள். பள்ளத்திலிருந்து அவள் கணவரின் உடலைத் தூக்கி வந்தவர்கள் சொன்னார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்கள். "அந்தக் காத்துல எங்கம்மா கேக்கப் போவுது?" சொன்னவர்களில் ஒருவரும் அன்று அங்கே நின்றவரில்லை.

விடிந்ததும் கிளம்பினார்கள்.

ஆனைக்கொம்பு மலையில் ஏறுகிறவர்கள் ஒதுங்குவதற்கு மூன்று சாவடிகள் உண்டு. கீழ்ச்சாவடி, நடுச்சாவடி, மேல்சாவடி. கல்சுவர், தகரக்கூரை, ஓர் அடுப்பு, ஒரு கதவு. காவலுக்கு ஆள் கிடையாது. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மூன்று நான்கு மணி நேர நடை. காலையில் புறப்பட்டால் இருட்டும் முன் மேல்சாவடியைப் பிடித்துவிடலாம்.

கீழ்க்காடு முழுக்க ஈரம். புல்நுனிகளில் அட்டைகள் எழுந்து நின்று காற்றைத் துழாவின. சாமி முன்னால் போனார். மூச்சு வாங்கும்போதெல்லாம் மரத்தைப் பார்ப்பதுபோல நின்றார். அவளும் மரத்தைப் பார்த்தாள்.

கீழ்ச்சாவடியில் உட்கார்ந்து காலில் உப்புத் தடவிக்கொள்ளும்போது அவள் கேட்டாள்.

"ஏன் சாமி வேலைய விட்டீங்க?"

"நான் எங்க விட்டேன்? ஒரு நாள் ஸ்டாப்புல இறங்கி விசில் குடுத்தேன். வண்டி போயிட்டு. நான் கீழயே நிக்கேன்."

"அப்புறம்?"

"மூணு ஊர் தாண்டித்தான் டிரைவர் திரும்பிப் பாத்தாராம். அதுவரைக்கும் வண்டிக்குள்ள ஒருத்தரும் என்னைத் தேடல. டிக்கெட்டு கேக்க ஆளில்லைன்னு சந்தோசமா இருந்திருக்காங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததும் நின்றது. சிரித்துவிட்டால் யாருக்கோ துரோகம் செய்தது போல உணரும் பழக்கம் அவளுக்கு வந்திருந்தது.

காடு முடிந்து புல்மேடு தொடங்கியது. வெயில் இருந்தும் சுடவில்லை. அடுத்தடுத்த மலைகள் ஒன்றையொன்று பார்க்காமல் நின்றன.

"கேட்டிருக்கும்னா என்ன செய்வீங்க?" என்றார் சாமி, திரும்பாமல்.

"நான்தான் கொன்னேன்னு தெரிஞ்சுக்குவேன்."

"கேட்டிருக்காதுன்னா?"

"தூங்குவேன்."

"ரெண்டுக்கும் நடுவுல?"

"நடுவுலதான ஒன்பது வருசமா இருக்கேன்."



நடுச்சாவடியில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். சாமி இரண்டு கவளம் தின்றுவிட்டுக் கையை நிறுத்தினார்.

"சொல்லுங்க," என்றார்.

"எல்லாம் உங்களுக்குத் தெரியுமே சாமி."

"மலையில வச்சுச் சொன்னதில்லையே."

அவள் சொன்னாள்.

ஒன்பது வருடத்துக்கு முன் இதே ஐப்பசியில் அவளும் கணவரும் ஏறினார்கள். அவர் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்ற மறுமாதம் ஒரு கேமரா வாங்கினார். பத்தடிக்கு ஒரு பூவின் முன் குந்தினார். இலையைத் திருப்பினார், வெளிச்சம் போதவில்லை என்றார், வெளிச்சம் வரக் காத்திருந்தார். நடுச்சாவடி தாண்டியதும் அவளுக்குப் பொறுமை போயிற்று. 'அந்தப் பூவோடயே குடும்பம் நடத்துங்க, நான் போறேன்' என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று ஏறினாள். பின்னால் அவர் சிரித்தது கேட்டது. அவள் திரும்பவில்லை.

மேல்சாவடியைத் தனியாக அடைந்தாள். மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த மலையில் எழுதி வைக்காத முறை ஒன்றுதான். சாவடிக்குள் முதலில் வந்து சேர்ந்தவர், கதவைச் சாத்துமுன் வாசலில் நின்று பாதைப் பக்கமாக மூன்று முறை குரல் கொடுக்க வேண்டும். 'வழியில யாரும் உண்டா? சாவடி இங்க இருக்கு.' பதில் வந்தாலும் வராவிட்டாலும் மூன்று முறை. அதன்பிறகுதான் கதவு. ஏனென்றால் மேல்சாவடி பாதையை விட்டு நாற்பது அடி உள்ளே தள்ளி இருக்கிறது. மேகம் இறங்கினால் பாதையில் போகிறவனுக்குச் சுவர்கூடத் தெரியாது. பாதை நேரே ஒரு பாறைக்குப் போய் அங்கே சட்டென்று ஒடியும். ஒடிவதைப் பார்க்காதவன் நேரே பள்ளத்துக்குள் போவான்.

"தெரியும் சாமி. முறை தெரியும். அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க, ஏறும்போதே."

"அப்புறம்?"

"கூப்பிட்டா நான் இறங்கி வந்ததா ஆயிடும்னு நினைச்சேன். வரட்டும், வந்து கதவைத் தட்டட்டும்னு சாத்திட்டேன்."

சாமி தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அடுப்புப் பத்த வச்சேன். ஒருத்தருக்கு மட்டும் காப்பி போட்டேன்."

"குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

"நல்லா இருந்துச்சா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இதை யாரும் கேட்டதில்லை. காவல்நிலையத்தில் கேட்கவில்லை. மகள் கேட்கவில்லை. அவளே தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"நல்லா இருந்துச்சு சாமி," என்றாள். அதற்குமேல் சோறு இறங்கவில்லை. மீதியைக் காக்கைக்கு வைத்துவிட்டு எழுந்தார்கள்.

பிற்பகலில் மலை நிறம் மாறியது. மேற்கிலிருந்து மேகம் முதலில் ஒரு பள்ளத்தை நிரப்பியது, பிறகு அடுத்ததை. அவர்கள் நடக்கும் மேட்டை அது அவசரமில்லாமல் சுற்றி வந்தது. செண்பகவல்லி அதைப் பார்த்துக்கொண்டே ஏறினாள். பழகிய முகத்தைக் கூட்டத்தில் பார்ப்பதுபோல இருந்தது.

மேல்சாவடியை அடைந்தபோது பொழுது சாய இன்னும் கொஞ்சம் இருந்தது. சாமி உள்ளே போகவில்லை. பையை வாசலில் இறக்கினார். டார்ச்சை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"இது உங்ககிட்ட இருக்கட்டும். அவர்கிட்ட டார்ச் இல்லைன்னு சொன்னீங்கல்ல?"

"இல்ல. ஏன் சாமி?"

"நான் அந்தப் பாறைகிட்டப் போய் நிக்கேன். நீங்க இங்கருந்து கூப்பிடுங்க. கேக்குதா இல்லையான்னு வந்து சொல்லுதேன்."

ஒன்பது வருடம் அவள் கேட்டது இதைத்தான். இப்போது அது வேண்டாம் போலிருந்தது.

"மேகம் இறங்குது சாமி. நாளைக்குக் காலைல பாப்போம்."

"அன்னிக்கும் இறங்குச்சுல்ல?"

"இறங்குச்சு."

"அப்ப இதுதான் நேரம்."

"எப்பக் கூப்பிடணும்?"

"அன்னிக்கு எப்பக் கூப்பிட்டிருக்கணுமோ அப்ப."

அவர் போனார். காவி வேட்டி பத்தடி வரை தெரிந்தது. பிறகு ஈரத்தில் செருப்பு இழுபடும் ஓசை. பிறகு அதுவும் இல்லை.

செண்பகவல்லி வாசலில் நின்றாள். மேகம் சாவடிச் சுவரைத் தொட்டது. தகரத்திலிருந்து நீர் சொட்டத் தொடங்கியது. அன்றும் இப்படித்தான் சொட்டியிருக்கும். அன்று அவள் உள்ளே இருந்தாள்.

வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

முப்பத்தொரு வருடம் அவருடன் வாழ்ந்தவள். ஒருநாள்கூட அவர் பெயரைச் சொன்னதில்லை. 'ஏங்க' என்பாள், 'இந்தாங்க' என்பாள், மகளிடம் 'உங்கப்பா' என்பாள். எத்தனையோ படிவங்களில் அந்தப் பெயரை எழுதியிருக்கிறாள். யாராவது வாய்விட்டுக் கேட்டால் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்லுவாள். அவர் போனபிறகும் அந்தப் பெயர் அவள் வாயில் வரவில்லை.

"கோமதிநாயகம்," என்றாள்.

மெல்லத்தான் வந்தது. வேறு யாரோ பக்கத்தில் நின்று சொன்னது போலிருந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு இன்னொரு முறை கூப்பிட்டாள். அது வாசலைத் தாண்டிப் போயிற்று. மூன்றாவது முறை அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. தன் உடம்பில் இவ்வளவு சத்தம் இருந்ததா என்று அவளுக்கே தெரியாது. ஒன்பது வருடம் கதவுக்குப் பின்னால் கிடந்த சத்தம்.

"கோமதிநாயகம்..."

மேகம் அதை வாங்கிக்கொண்டது. எதிரொலிகூட இல்லை.

அவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழுகை வந்தது. எவ்வளவு நேரம் அழுதாள் என்று தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது வாசலுக்கு வெளியே வெளுப்புப் போய்க் கறுப்பு வந்திருந்தது. சாமி வரவில்லை.

பாறைக்குப் போக ஐந்து நிமிடம். வர ஐந்து நிமிடம். அவள் எழுந்து நின்றாள். பாதை இருக்கும் பக்கம் பார்த்தாள். பாதை இல்லை. டார்ச்சை அடித்தாள்; நாலடி தூரத்தில் வெளிச்சம் சுவரில் முட்டியது போல நின்றது.

"சாமி?" என்றாள். தனக்கே கேட்காத குரல்.

கடைசியில் சத்தம் வந்தது பாதைப் பக்கமிருந்து இல்லை. சாவடியின் பின்புறமிருந்து, புல்சரிவிலிருந்து. ஏதோ விலங்கு ஊர்ந்து வருவது போல. டார்ச்சைத் திருப்பினாள். சாமி கையையும் முழங்காலையும் ஊன்றி வந்துகொண்டிருந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. முழங்காலில் வேட்டி கிழிந்து, கிழிசலைச் சுற்றிச் சிவந்திருந்தது.

வாசற்படியைக் கை தடவிக் கண்டுபிடித்து அதன்மேல் ஏறி உட்கார்ந்தார். அவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

"கேட்டுச்சா?"

சாமி கணுக்காலிலிருந்து ஓர் அட்டையைப் பிய்த்து வெளியே எறிந்தார்.

"கேட்டுச்சு."

"எத்தனை?"

"மூணும். முதல் குரல்கூடத் தெளிவாக் கேட்டுச்சு."

மகள் சொன்னது போயிற்று. தூக்கி வந்தவர்கள் சொன்னது போயிற்று. ஒன்பது வருடம் அவள் நம்பாமலே பிடித்துக்கொண்டிருந்த கயிறு அது. நம்பாவிட்டாலும் பிடித்திருந்தாள் என்பது விட்டபிறகுதான் தெரிந்தது.

"அப்ப அவங்களுக்கும் கேட்டிருக்கும்."

"கேட்டிருக்கும்."

"வந்திருப்பாங்க."

"அது எனக்குத் தெரியாது."

"குரல் கேட்டதும் நீங்க வந்தீங்கல்ல? அதே மாதிரி அவங்களும்..."

"நான் வரல. அங்கயே நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன். அப்புறம் தவழ்ந்தேன்."

"ஏன் சாமி? குரல் வந்த பக்கமா வந்திருக்கலாமே. இங்க இருக்கேன்னுதான நான் கூப்பிட்டேன்?"

சாமி தன் உள்ளங்கைகளை டார்ச் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். தோல் வழன்றிருந்தது.

"நீங்க அவரைத்தானம்மா கூப்பிட்டீங்க, வழியில யாரும் உண்டான்னு கேக்கல," என்றார். "அங்க பாதை தெரியாம நின்னது நான்."