கை தளரும் முன் ஒரு ஞானத்தாய்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது கன்னியர் மடத்துச் சமையல்கட்டில் வேலை பார்க்கும் ஸ்தெல்லா. போன வருஷம் அந்தோனியார் அசனத்துக்காக, அதாவது ஊர் விருந்துக்காக, பெண்கள் எல்லாரும் கோயிலுக்குப் பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். நடுவில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டாள் பாருங்கள், கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சண்டையே போட்டோம்! நீங்களும் கேளுங்கள். பதிலுக்கு மட்டும் அவசரப்படாதீர்கள்.

தூத்துக்குடியில் ஜெனிட்டா என்றொரு பெண். கலியாணமான புதிது, ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் ஒரு நாள், நல்ல சிவப்புக் கேட்டு வந்தவர்களுக்கு எந்தச் சேலையை எடுத்தாலும், "இது வெளிறிப்போச்சு" என்று தானே மடித்து வைத்தாள். பக்கத்தில் நின்ற தோழி பெர்சி, "ஏட்டி, மிளகாய்ப்பழமா மின்னுது, இதையா வெளிறிப்போச்சுங்க?" என்று சிரித்தாள். ஜெனிட்டா ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தாள், ரத்தச் சிவப்பு. மறு கண்ணைப் பொத்தினாள். பழைய ஓட்டு நிறம். கண்ணை உருட்டினால் வலி வேறு. பெர்சிக்குச் சிரிப்பு நின்றுபோனது. முதலாளியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு அன்றைக்கே கண் டாக்டரிடம் இழுத்துப்போனாள். கண் நரம்பு வீங்கியிருக்கிறது, ஸ்கேன் எடுங்கள் என்றார் அவர். எடுப்பதற்குள் பார்வை தானாகத் தெளிந்தது. "அதான் சரியாப் போச்சுல்லா, விடு" என்றாள் பெர்சி. விட்டார்கள்.

வெயில் காலம் வந்தது. ஜெனிட்டாவின் மதினி ரொசாலின், அதாவது புருஷனின் அக்கா, அதே வீட்டில் இருந்தாள். வாசல் மணலில் ஒற்றைச் செருப்பு கிடப்பதை அவள்தான் பார்த்தாள். காலிலிருந்து கழன்றது தெரியாமலே ஜெனிட்டா நடந்து போயிருந்தாள்! வெந்நீரில் குளித்தால், அடுப்பருகில் நின்றால், கால் இழுக்கிறது. காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்தால் சரியாகிறது. மாமியார், "அடுப்பைக் கண்டா மட்டும் ஒனக்குக் கால் வராதோ?" என்று குத்தினாள். ரொசாலின் சமையலைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். கழன்ற செருப்பை எடுத்து வந்து மாட்டிவிட்டாள். "வெளிய சொல்லாத ஜெனி, சீக்குக்காரின்னு பேராயிரும். நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

மூன்றாவது ஆள், வெள்ளிக்கிழமை செபக்கூட்டம் நடத்தும் அமலோற்பவத்தக்கா. அவள் செபித்தால் கல்லும் கரையும் என்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஜெனிட்டா தலை குனிந்ததும், "அக்கா, கழுத்திலேருந்து முதுகு வழியா மின்னல் மாதிரி இறங்குது!" என்று அலறினாள். அக்கா கையை உயர்த்தினாள்: "ஆண்டவர் இந்தப் பிள்ளையைத் தொடுதாரு!" கூட்டமே அழுதது. அடுத்த வாரம் இரண்டு மடங்கு ஆள். ஜெனிட்டாவைத் தலையில் கை வைக்கச் சொல்லி வரிசை நின்றது.

பிறகொரு நாள் தெருக்குழாயடியில் வாளியை எடுக்கக் குனிந்த ஜெனிட்டா, "ஐயோ, அதே மின்னல்!" என்றாள். பின்னால் குடத்தோடு நின்ற அமலோற்பவத்தக்காவின் முகம் மாறியது. அந்த வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு முன்னால் எழுந்து நின்றாள். "நான் சொன்னது பிசகு. இது நோயின்னு நெனைக்கேன். டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறேன்." பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார்கள். அவள் ஜெனிட்டாவை நரம்பு டாக்டரிடம் கொண்டுபோய் உட்கார வைத்து, "இதுக்கு முன்னால வேறென்ன வந்துச்சு? வந்து போனதையும் சொல்லு பிள்ள" என்றாள். அப்போதுதான் சிவப்புச் சேலையும் ஒற்றைச் செருப்பும் மின்னலும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன.

ஸ்கேன் எடுத்தார்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். உடம்பின் காவல்காரனே ஆள் தெரியாமல் நரம்பின் மேலுறையைக் கடிக்கிற நோயாம். வரும், போகும், போகிறபோது தழும்பை விட்டுப் போகும். தழும்பு கூடக் கூட நடையும் பார்வையும் கைப்பிடிப்பும் குறையலாம். "முழுசாக் குணமாக்க மருந்து கிடையாது. ஆனா சீக்கிரம் தொடங்கினா வேகத்தைத் தடுக்கலாம். கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம், இப்பவும் தாமதமாகலை" என்றார் டாக்டர்.

ஜெனிட்டா இப்போது கோல் ஊன்றி நடக்கிறாள். டாக்டரைக் கேட்டு, மருந்தை மாற்றி, ஒரு பெண் குழந்தையும் பெற்றாள். இனிதான் கதையே!

கத்திரி வெயிலில் ஞானஸ்நானம். ஞானத்தாய் ஒருத்திதான். தாய்க்கு முடியாத நாளில் பிள்ளையின் கையைப் பிடிக்கப்போகிறவள். மூன்று பேரும் புதுச்சேலையோடு வந்து நின்றார்கள்.

"மொதல்ல கண்டது நான்" என்றாள் பெர்சி.

"தெனமும் தாங்கினது நான்" என்றாள் ரொசாலின்.

"அப்ப நான் மெழுகுதிரி பிடிக்கவா வந்தேன்? எம்பேரைக் கெடுத்துக்கிட்டு டாக்டர்ட்ட கொண்டுபோனது யாரு?" என்றாள் அமலோற்பவத்தக்கா.

பங்குச் சாமி சிரித்துவிட்டார். "பிள்ளைக்கு ஒரு தலைதான்மா இருக்கு!"

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. காற்றாடி நின்றது. கோயில் நிறையச் சனம்; அனல். பிள்ளை ஜெனிட்டாவின் கையில். கோல் கீழே சாய்ந்தது. "கை தளருது... கை தளருது!" என்றாள். ரொசாலின் ஒரு கையால் அவள் முதுகைத் தாங்கினாள்; மறு கையைப் பிள்ளைக்கு நீட்டினாள். மற்ற இருவரும் கை நீட்டினார்கள். மாதாவே!

இப்போது சொல்லுங்கள். ஜெனிட்டா பிள்ளையை யார் கையில் கொடுத்தாள்? யாருக்குக் கொடுத்தால் சரி?

ஸ்தெல்லா வெங்காயம் முழுவதும் உரிக்க வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். அமலோற்பவத்தக்கா கையில்தான் கொடுத்தாளாம். மூன்று பேரும் அன்புள்ளவர்களே. மூன்று பேரும் ஒரு பிசகு செய்தவர்களே. பெர்சி நோய் மறைந்ததும் விட்டுவிட்டாள். ரொசாலின் அன்பாலேயே அதை மூடி வைத்தாள். அக்கா செய்த பிசகுதான் பெரிது. ஆனால் ஊர் முன்னால் அதைத் திருத்தியவளும் அவள்தான். "நாளைக்கு என் காலு நின்னுபோனா, எம்மவகிட்ட உள்ளதை உள்ளபடி சொல்ல ஆள் வேணும் மதினி" என்றாளாம் ஜெனிட்டா. கோயிலை விட்டு வெளியே வந்தபோது ரொசாலின் அழுதுகொண்டே குனிந்து, படியில் கழன்று கிடந்த செருப்பை எடுத்து அவள் காலில் மாட்டினாளாம்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வீட்டில் யாராவது, "என்னமோ வந்துச்சு, தானாப் போயிருச்சு" என்று சொன்னால், பக்கத்தில் உட்கார்ந்து, "வேறென்ன வந்து போச்சு?" என்று ஒரு தரம் கேளுங்கள்.